கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்: இளையர் குழுத் தொண்டூழியர்களுக்கு முகாம் நடத்துவது எப்படி

நான் முதன்முதலில் நடத்திய முகாமில் இரவு ஒன்பது மணிக்குக் கூடார வாசலில் பீட்சா வந்து இறங்கியது. இடம் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. எல்லாரும் எங்கள் இளையர் குழுவின் தொண்டூழியர்கள், இருபத்திரண்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை. சாயங்காலம் வைத்த சோறு கூழாகிவிட்டது. ஒருத்தர் கைப்பேசியை எடுத்தார், கார் நிறுத்துமிடத்தின் எண்ணைத் தட்டினார், அரை மணி நேரத்தில் சாப்பாடு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், சாப்பிட்டோம். மறுநாள் வீடு திரும்பும்போது யார் கையிலும் புதிதாக ஒரு வேலையும் படிந்திருக்கவில்லை, குழைந்த சோற்றை என்ன செய்வது என்பதுகூட.

அதற்கப்புறம் நான்கு முறை நடத்திவிட்டேன், நான்கும் புலாவ் உபின் தீவில். அங்கே பீட்சா வராது. என்னிடம் "எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்கும் மற்றக் குழுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து 1998-இல் ரிக்கராக, அதாவது கிரேனில் தூக்கும் சுமைகளைக் கட்டுபவனாக, இங்கே வந்தவன், இப்போது துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் லிஃப்டிங் சூப்பர்வைசர். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி செய்தவன் இல்லை, சாரணர் இயக்கத்திலும் இருந்ததில்லை. கயிறும் சுமையும்தான் தெரியும். ஆகவே நான் சொல்வதில் பட்டறை வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது பிள்ளைகளுக்கான முகாம் இல்லை. பிறகு பிள்ளைகளை அழைத்துப்போகப்போகிற பெரியவர்களுக்கானது. பெரியவர்களிடம் இருக்கும் பெரிய பிரச்சினை, அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பன்னிரண்டு வயதுப் பையன் முடிச்சோடு போராடுவதைப் பத்து வினாடி பார்ப்பார்கள். "கொடுடா இங்கே" என்று வாங்கித் தாங்களே போட்டுவிடுவார்கள். கூடாரம் நிற்கும், பையன் ஒன்றும் கற்றிருக்கமாட்டான். பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் சுமையைத் தொடமாட்டான். தொட்டால் அவன் கண் கைக்குப் போய்விடும், மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. தொண்டூழியர் அந்த சிக்னல்மேன் மாதிரி நிற்கப் பழகவேண்டும். இரண்டு நாளும் இதற்காகத்தான், கூடாரமும் சமையலும் அதற்கு ஒரு சாக்கு.

ஆள் கணக்கு

பன்னிரண்டு பேர் கற்பவர்கள், இரண்டு பேர் நடத்துபவர்கள். இதைவிடக் கூடினால் எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. பன்னிரண்டு என்பதில் ஒரு வசதியும் உண்டு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பயணிகள் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நம் ஆட்கள் ஒரு படகை நிறைத்துவிடுவார்கள். நடத்தும் இருவரும் அதற்கு முந்தைய படகில் மற்றப் பயணிகளோடு போய், அந்தப் பக்கம் வேன் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கட்டணம் ஒருவழிக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள்.

பன்னிரண்டு பேரை மூன்று மூன்றாகப் பிரித்து நான்கு அணி ஆக்குங்கள். நண்பர்களை ஒரே அணியில் போடாதீர்கள். ஒவ்வோர் அணியிலும் கூடாரம் போடத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் இருவர் இருக்கவேண்டும். நடத்தும் இருவரில் ஒருவரிடமாவது காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழ் இருக்கவேண்டும். இங்கே அது இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டு, கடைசி வாரத்தில் ஆள் தேடி அலைந்தேன்.

அப்புறம் அனுமதி. பூங்காவில் கூடாரம் போட்டு இரவு தங்குவது தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். நீங்கள் போகும் இடத்துக்கு என்ன விதி, அடுப்பு மூட்டலாமா என்பதையெல்லாம் கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் தேதியை அறிவியுங்கள். அறிவித்துவிட்டுப் பார்த்தால் வம்பு.

வெள்ளிக்கிழமை இரவு

எல்லாரும் நேராகப் படகுத்துறைக்கு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் இரவு, புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கிலோ சமூக மன்றத்திலோ இரண்டு மணி நேரம் கூடுங்கள். பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டச் சொல்லுங்கள். சென்ற முறை ஒருவர் பையில் இஸ்திரி போட்ட சட்டை நான்கு இருந்தது, டார்ச் இல்லை. இன்னொருவர் கேஸ் புட்டிகளைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் வரத் திட்டமிட்டிருந்தார். எம்ஆர்டி நிலையத்தில் தீப்பற்றும் பொருளுக்கு 5,000 வெள்ளி அபராதம் என்று படம் போட்டே எழுதியிருக்கிறது. தினமும் பார்க்கிறோம், ஆனால் அது டுரியான் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கண் அங்கே போய்விடுகிறது. கேஸும் கத்தியும் வேனில் வரவேண்டும். கத்தி துணி சுற்றிச் சமையல் பெட்டிக்குள் இருக்கவேண்டும், யார் கால்சட்டைப் பையிலும் இல்லை.

அன்று இரவே கூடாரங்களை ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள். கம்பு, முளைகளை எண்ணி எழுதுங்கள். முளைகள் எத்தனை போகின்றன என்பது திரும்பி வரும்போது தெரியவேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் அங்கேயே போடவையுங்கள். உபினுக்கு நகரத்துக் குழாய்நீர் கிடையாது, கிணற்றுநீர்தான். குடிக்க நாமே கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமைக்கு ஆளுக்கு 4 லிட்டர், ஞாயிறு மதியம் வரை 2 லிட்டர். 14 பேருக்கு 84 லிட்டர். சமையலுக்கு 20 லிட்டர் சேர்த்தால் 104. நான் 20 லிட்டர் கேன் ஆறு எடுக்கிறேன். "சரி, இதன் எடை என்ன?" என்று கேட்பேன். யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். 120 கிலோ! படகில் ஏற்றி, இறக்கி, வேனில் ஏற்றி, இறக்கவேண்டும். பட்டறையில் எதையும் தூக்குவதற்கு முன் எடையைக் கேட்பது எங்களுக்குப் பழக்கம். பிள்ளைகளோடு போகும்போது இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்கவேண்டும்.

கைப்பேசிக்கும் ஒரு வேலை உண்டு. உபினின் வடகரை ஜோகூரைப் பார்த்தபடி இருக்கிறது. மாமாம் முகாம் பக்கம் போனால் கைப்பேசி மலேசியாவுக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு நல்வரவு சொல்லும். ரோமிங்கை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 995 என்பதையும், உங்கள் இடத்தை எப்படிச் சொல்வது என்பதையும் எழுதி எல்லார் பையிலும் வையுங்கள். இருட்டிய பிறகு படகு சுலபத்தில் கிடைக்காது. படகோட்டி ஒருவரிடம் பகலிலேயே பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை

எட்டு மணிக்கு சாங்கி. அங்கேயே உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் படகு ஏறுங்கள், காலைச் சமையல் தேவையில்லை. இறங்கியதும் பத்து நிமிடம் டூல்பாக்ஸ் மீட்டிங். பட்டறையில் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் வட்டமாக நின்று பேசுவோமே, அதேதான். இன்று என்ன வேலை, எதில் அடிபட வாய்ப்புண்டு, யார் எதற்குப் பொறுப்பு. அப்புறம் தலை எண்ணுங்கள். முதல் நாள் நான் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை அணிகளில் வாய் திறக்காமல் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு நடத்தச் சொல்வேன்.

முகாமிடத்துக்குப் போனதும் பையைக் கீழே வைக்கவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்க்கவேண்டும். மேலே, கீழே, கடல் பக்கம். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா, தென்னை நிற்கிறதா. தென்னைக்கு அடியில் படுக்கக்கூடாது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் நிழலைப் பார்த்ததும் எம்பிஏ படித்தவர்கள்கூட அங்கேதான் பாயை விரிக்கிறார்கள். கீழே பள்ளமா மேடா. கடல் பக்கம், ஓதம் எதுவரை ஏறும்? இங்கே பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மணலில் குப்பையும் சருகும் கோடு போட்ட மாதிரி கிடக்கும், அதற்கு மேலேதான் கூடாரம். அன்றைய ஓத அட்டவணையை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு கட்டப்போகும் மரத்தையும் பாருங்கள். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள், ஊரில் நாங்கள் முசுறு என்போம். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. ஒருவர் பார்க்காமல் கட்டிவிட்டார். கயிறு வழியாக வரிசையாக நடந்து கூடாரத்துக்குள் குடிவந்துவிட்டன. அவருக்கு அந்தப் பாடத்தை நான் மறுபடி சொல்லவேண்டியிருக்கவில்லை.

கூடாரம் போடும்போதுதான் என் விதி அமலுக்கு வரும். தெரிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும் சொல்லலாம். சுட்டிக் காட்டவும் கூடாது. ஒரு தம்பி, தேசிய சேவை முடித்து ரிசர்விஸ்ட் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருப்பவர், பத்து நிமிடத்தில் பாஷா என்ற ராணுவக் கூடாரத்தைப் போட்டுவிடுவேன் என்று படகிலேயே பெருமை பேசினார். அவருடைய அணியில் ஒரு செவிலியர் அக்கா, கூடாரத்தைத் தொட்டதே இல்லை.

"அக்கா, அந்தக் கயிறு."

"எந்தக் கயிறு தம்பி?"

"அதான், அந்தக் கயிறு!"

நாற்பது நிமிடம் ஆனது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. கை செய்யும் வேலைக்கு அவர் வாயில் வார்த்தையே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த முறை "கூடாரத்தின் மூலையில் மஞ்சள் வளையம் இருக்கிறதே, அதிலிருந்து வரும் கயிறு" என்று சொல்லப் பழகியிருந்தார். இந்த ஒரு பயிற்சிக்காக மட்டுமே இந்த வார இறுதியை நடத்தலாம் என்பேன்.

முளையடிப்பதில் எல்லாரும் செய்யும் தவறு, செங்குத்தாக அடிப்பது. முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு தடிக்குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கவைத்து மூடி மிதித்துவிடுங்கள். குச்சி இல்லையென்றால் பையில் மணலை நிரப்பிப் புதையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் தோண்டி எடுத்துக் குழியை மூடவும். இன்னொன்று, கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தரைவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து அடியில் ஓடும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

நான்கு முடிச்சு போதும்

புத்தகத்தில் நாற்பது இருக்கும். பெரியவர்களுக்கு நான்குதான் ஞாபகம் நிற்கிறது.

போலைன். இறுகாத கண்ணி. அப்பா மாட்டின் கழுத்தில் போட்டதும் இறுகாத முடிச்சுதான், மாடு இழுத்தால் மூச்சு முட்டக்கூடாது அல்லவா. ரவுண்ட் டர்ன், இரண்டு ஹாஃப் ஹிட்ச். மரத்தைச் சுற்றி முழுதாக ஒரு சுற்று, பிறகு நுனியால் கயிற்றின் மேலேயே இரண்டு பாதி முடிச்சு. சுமை இருக்கும்போதே கட்டலாம், அவிழ்க்கலாம், அதனால் எனக்கு இதுதான் பிடித்தது. குளோவ் ஹிட்ச், கம்பில் கட்டத் தொடங்க. நான்காவது டாட் லைன் ஹிட்ச்.

அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கூடாரத்திலிருந்து விறைப்பாக வரும் கயிற்றின் மேல், கண்ணிக்கு உட்பக்கமாக, முளையை நோக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு அந்தச் சுற்றுகளைத் தாண்டி, கூடாரப் பக்கம், கண்ணிக்கு வெளியே ஒரு பாதி முடிச்சு. இறுக்குங்கள். இப்போது முடிச்சைக் கையால் நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மழையில் துணி தொய்யும்போது எழுந்துபோய் நகர்த்திவிட்டு வந்து படுக்கலாம்.

வழவழப்பான புது நைலான் கயிறு என்றால் உட்பக்கம் மூன்று சுற்று வேண்டும். எப்படித் தெரியும் என்றால், இரண்டாவது ஆண்டு அதிகாலை நான்கு மணிக்கு முதலில் சரிந்த கூடாரம் என்னுடையது. ரிக்கர் அண்ணன் கூடாரம். பன்னிரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ரீஃப் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுப்போட, பொட்டலம் கட்ட நல்லது. இரண்டு கயிறுகளை இணைத்து அதில் பாரம் ஏற்ற அதை நம்பாதீர்கள். எந்த முடிச்சு போட்டாலும் கயிற்றின் பலம் கணிசமாகக் குறையும். பட்டறையில் சுமையைத் தூக்கும் ஸ்லிங் பட்டையில் எவனாவது முடிச்சுப் போட்டால் அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை.

வெயில், இடி

காலை பத்தரை வரையும் மாலை நான்கரைக்கு மேலும்தான் உடம்பை வருத்தும் வேலை. நடுவில் நிழலில் முடிச்சு, முதலுதவி, தூக்கம். மைஎன்வி செயலியில் வெப்ப உளைச்சல் அளவு வரும். ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT) 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 33-ஐத் தொட்டால் அதிகம். நிழலில் இருக்கும் சாதாரண வெப்பமானி காட்டும் டிகிரி இல்லை இது, காற்றின் ஈரமும் வெயிலும் காற்றோட்டமும் சேர்ந்த கணக்கு. "33 தானே அண்ணே, தினமும் இருப்பதுதானே" என்று யாராவது சொல்வார்கள், அப்போது விளக்குங்கள்.

பட்டறையில் ஒருமுறை நல்ல உடல்வாகுள்ள ஆள் ஒருவர் மதியம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். நாங்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தோம். அது கிண்டல் இல்லை. வெயிலில் ஒருவர் குழம்பினால், தள்ளாடினால், முதலில் குளிர்விக்க வேண்டும். நிழல், சட்டையைத் தளர்த்து, உடம்பெல்லாம் தண்ணீர், விசிறி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 995 அழைக்கவேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மற்ற எல்லாருக்கும் மதியம் உப்புப் போட்ட மோர் உண்டு, ஐஸ்பெட்டியில் வைத்திருப்பேன். இனிப்பு பானங்களைவிட எங்கள் ஆட்கள் அதைத்தான் இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

மின்னலில் விளையாட்டே கிடையாது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி. முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள், வேலையை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக்கூடாது. கூடாரம் பாதுகாப்பான இடம் இல்லை, மரத்தடி நிச்சயமாக இல்லை. மின்னல் காப்பு உள்ள கட்டடம், அல்லது உலோகக் கூரை உள்ள மூடிய வண்டி. உங்கள் முகாமுக்கு அருகில் அது எங்கே, நடக்க எத்தனை நிமிடம் என்பதைச் சனிக்கிழமை பகலில் எல்லாரையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். தூரம் அதிகம் என்றால் இடத்தை மாற்றுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி அதிகம்.

இன்னொன்று சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்குமுன் மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். என் கூடாரத்தைச் சாய்த்தது அதுதான்.

திசை

உயிர்பிழைப்புப் புத்தகங்களில் துருவ நட்சத்திரத்தைப் பார் என்று இருக்கும். நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றே கால் டிகிரி வடக்கில் இருக்கிறோம், துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், பார்க்க முடியாது. நிழலைப் பார் என்று இருக்கும். மார்ச், செப்டம்பரில் உச்சியில் நிழலே காலுக்கடியில்தான். அந்த உச்சியும் இங்கே பன்னிரண்டு மணிக்கு வராது, ஒரு மணியளவில்தான் வரும், நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆகவே திசைகாட்டியை நம்புங்கள். நமக்கு ஓர் அதிர்ஷ்டம், சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் திருத்தக் கணக்கைத் தாராளமாக விட்டுவிடலாம்.

100 மீட்டரை நாடா வைத்து அளந்து, எல்லாரையும் நடக்கவிட்டு, இடது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எனக்கு 64. அதைக் கைக்கடிகார வாரில் எழுதிக்கொள்ளட்டும். மாலையில் வரைபடத்தோடு ஒரு கிலோமீட்டர் சுற்று, கைப்பேசி பைக்குள். ஏழு மணிக்கு இருட்டிவிடும், ஆண்டு முழுக்க ஏறத்தாழ அதே நேரம்தான். ஆறரைக்குள் எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும்.

சமையல்

கேஸ் அடுப்பு, அணிக்கு ஒன்று. திறந்தவெளியில்தான், கூடாரத்துக்குள் எந்த நிலையிலும் இல்லை. மழை பெய்தால் பிஸ்கட் சாப்பிடுங்கள். அடுப்பைவிட அகலமான பாத்திரம் வைத்தால் சூடு கேஸ் புட்டியின் மேல் திரும்பும், வெடிக்கலாம். காற்றுத் தடுப்புக்காக அடுப்பைச் சுற்றித் தகடு வைத்தாலும் அதேதான். சைவப் பாத்திரத்தையும் ஹலால் பாத்திரத்தையும் வெள்ளிக்கிழமையே தனித்தனி வண்ண நாடா ஒட்டிப் பிரித்துவிடுங்கள். அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டாம்.

இரவுக்குத் தக்காளிச் சோறும் நெத்திலிச் சம்பலும். ஞாயிறு காலை உப்புமா. சிரிக்காதீர்கள். வீட்டிலேயே ரவையை வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துக் கலந்து, ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஆளுக்கு 80 கிராம். அங்கே ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து உப்புப் போட்டுக் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடம். வீட்டில் உப்புமா என்றாலே முகம் சுளிப்பவர்கள், இரவெல்லாம் மழையில் நனைந்த பிறகு பாத்திரத்தைச் சுரண்டுகிறார்கள்.

உணவு எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. குரங்குக்குப் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் போதும், காட்டுப்பன்றிக்கு வாசனை போதும். மூடி பூட்டுகிற பெட்டியில் வையுங்கள். பன்றி வந்தால் துரத்தாதீர்கள், வழிவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். காட்டு விலங்குகளுக்குச் சோறு போடுவது இங்கே சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும் சொல்லப் பழகுங்கள். மணல் ஈக்களுக்கும் கொசுவுக்கும் முழுக்கைச் சட்டையும் பூச்சு மருந்தும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எப்போது வாயைத் திறப்பது

நடத்துபவருக்கு இதுதான் மிகக் கஷ்டம். நான்கு விஷயத்தில் மட்டும் உடனே குறுக்கிடுவேன்: தீ, கத்தி, கடல், மின்னல். மற்றதில் வாயைப் பொத்திக்கொள்வேன். இரண்டாவது ஆண்டு ஓர் அணி பள்ளத்தில் கூடாரம் போட்டதைச் சனிக்கிழமை பதினொரு மணிக்கே பார்த்தேன். சொல்லவில்லை. விடியற்காலையில் அவர்களுடைய படுக்கை நனைந்தது. எனக்கு அன்று தூக்கமில்லை, என் கூடாரம் விழுந்ததால் மட்டும் இல்லை. சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் அந்த மூவரும் பிறகு பிள்ளைகளை அழைத்துப்போனபோது, வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். இரண்டு புட்டித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது நான் காய்ந்த துணி ஒரு பை கூடுதலாக எடுத்துப்போகிறேன், சொல்லாமலே இருக்கிறேன்.

பிள்ளைகள் முகாமுக்கான விதிகளை இங்கேயே பழக்குங்கள். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இருவர். பிள்ளைகள் கூடாரத்துக்குள் பெரியவர் போகக்கூடாது, வெளியே நின்று கூப்பிடவேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும்போதே இரவில் கழிவறைக்குப் போனால் துணைக்கு ஒருவரை எழுப்பிப் பழகினால், அப்புறம் அது வாயில் வரும் விதியாக இருக்காது, காலில் வரும்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கடைசியாக நியர் மிஸ் சொல்லும் நேரம். அடிபடாமல் தப்பித்த ஒரு சம்பவத்தை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும், யார் பெயரையும் சொல்லாமல். கயிற்றில் தடுக்கியது, சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கப்போனது. முதலில் நான் என்னுடையதைச் சொல்வேன், அப்போதுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளை அடுத்த பிள்ளைகள் முகாமின் முதல் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாசியுங்கள்.

பிறகு முளைகளை எண்ணுங்கள். எங்களுடையது 72 போனது, சென்ற முறை 70 வந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக மண்டிபோட்டு மணலைக் கையால் அலசினோம், இரண்டும் கிடைத்தன. வெறுங்காலோடு யாராவது ஓடும் மணல் அது.

கூடாரங்களை அன்றைக்கே வீட்டில் விரித்துக் காயப்போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மடித்து வைத்தால் சில நாளில் பூசணம் பிடித்து நாறும். ஐந்து கூடாரத்தையும் நானே வீட்டுக்கு எடுத்துவந்து, துணி காயப்போடும் மூங்கில் கழிகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவேன். வீட்டுக்காரம்மா அந்த ஞாயிறன்று துணி துவைக்கமாட்டாள், முன்கூட்டியே தேதி சொல்லிவிடுகிறேன்.